ஆற்று மீனும் தொட்டி மீனும்

மீனை உணவாகக் கொள்வோர் நம் நாட்டில் கோடிக்கணக்கானோர். மீன் பிடித்தும், வளர்த்தும், விற்றும் வாழ்க்கை நடத்துவோர் பல இலட்சம் பேர். இவ்விரு வகையினரையும் தவிர மூன்றாவது வகையினரும் உளர். இவர்கள் மீனை உண்பதற்காகவோ விற்பதற்காகவோ நாடுவதில்லை. அதன் வடிவையும் நிறத்தையும் வாழும் முறையையும் கண்டு மகிழ்வதற்காகவே நாடுகின்றனர். இவர்களுள் சிலர் தூண்டிலை எடுத்துக்கொண்டு காட்டாறுகளைத் தேடிச் செல்கின்றனர். வேறு சிலர் வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டியை அமைத்து, அதில் சில மீன்களை வளர்த்து, மாலைப் பொழுதை அதன் முன்னே கழிக்கின்றனர்.

இவ்விரண்டும் தம்முள் தொடர்பில்லாத பொழுதுபோக்குகளாகத் தோன்றலாம். ஆனால் இரண்டுக்கும் அடிப்படை விதி ஒன்றுண்டு. ஆற்றில் மகிழ்ச்சிக்காகப் பிடித்த மீனை அதே ஆற்றில், அதே இடத்தில், உயிருடன் திருப்பி விட வேண்டும். தொட்டியில் வளர்த்த மீனையோ எக்காரணம் கொண்டும் ஆற்றில் விடலாகாது. ஒரே செயல் ஓரிடத்தில் கடமையாகவும் மற்றோரிடத்தில் குற்றமாகவும் ஆவது ஏன் என்ற கேள்வி எழும். ஒவ்வொரு நீர்நிலைக்கும் அதற்கே உரிய மீனினங்கள் உண்டு என்பதே விடை. கிராமங்களில் பணியாற்றுவோரும் ஆசிரியர்களும் இவ்வுண்மையைத் தாமும் உணர்ந்து பிறர்க்கும் எடுத்துரைப்பது இன்றியமையாதது.

காட்டாற்றில் தூண்டில்

இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவோர் பெரிதும் விரும்புவது மஹசீர் என்னும் மீனையே. இது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரிய செதில்களும், வாயருகே இரண்டு இணை மீசைகளும், பருத்த உதடுகளும் உடையது. வடக்கே கங்கை, ராம்கங்கா, மகாகாளி முதலிய ஆறுகளிலும் பிரம்மபுத்திராவின் உபநதிகளிலும் பொன்னிற மஹசீர் வாழ்கிறது. தெற்கே காவிரியிலும் அதன் உபநதிகளிலும் முதுகு உயர்ந்த கூனல் மஹசீர் வாழ்கிறது. 1946ஆம் ஆண்டில் மைசூர்ப் பகுதியில் கபினி ஆற்றில் பிடிபட்ட ஒரு மஹசீர் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடை இருந்தது. மஹசீர் தூண்டிலின் புகழ் அதற்கும் முற்பட்டது. சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியாற்றிய எச். எஸ். தாமஸ் என்பவர் இந்தியாவில் தூண்டில் போடுதலைப் பற்றி 1873ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் வெளியிட்டார்.

மஹசீரின் தாடைகளில் பற்கள் இல்லை. அதன் பற்கள் தொண்டையில் உள்ளன. நண்டு, நத்தை, சிறு மீன், பாசி, கரைமரங்களிலிருந்து உதிரும் பழம் ஆகிய எல்லாவற்றையும் அது தின்னும். மழைக்காலத்தில் வெள்ளம் பெருகும்போது நீரோட்டத்தை எதிர்த்து மேலேறி, கூழாங்கற்கள் நிறைந்த இடங்களில் முட்டையிடும். ரோகு போன்ற கெண்டைகளோடு ஒப்பிட்டால் மஹசீர் இடும் முட்டைகள் மிகக் குறைவு. வளர்ச்சியும் விரைவானதன்று. ஆதலால் பருத்த மஹசீர் ஒன்று மாண்டால் அதன் இடத்தை நிரப்பப் பல்லாண்டுகள் ஆகும்.

இம்மீன் தூண்டிலில் சிக்கியதும் வேகமான நீரோட்டத்தில் பாய்ந்து செல்லும் வலிமையே தூண்டில்காரனை ஈர்ப்பது. எனினும், பழகிய தூண்டில்காரனுக்கு மீன் சிக்கும் கணத்தைக் காட்டிலும் அதற்கு முற்பட்ட நேரமே இனியது. நீர் எங்கே சுழல்கிறது, பாறைக்குப் பின்னால் எங்கே அமைதியாக நிற்கிறது, எம்மரத்தின் பழம் நீரில் விழுகிறது, எப்பறவை எங்கே காத்திருக்கிறது என்பனவற்றையெல்லாம் அவன் கவனிக்கிறான். ஆற்றை அறியாதவனுக்கு மீன் கிட்டுவதில்லை.

மீனைத் திருப்பி விடும் முறை

மகிழ்ச்சிக்காகப் பிடிக்கும் மீனை உயிருடன் விடுவதற்குச் சில முறைகளைக் கையாள வேண்டும். தூண்டில் முள்ளின் கூர்முனைக்குப் பின்னே எதிர்நோக்கி நிற்கும் சிறு கூரை இடுக்கியால் நசுக்கிவிட்டால், முள் எளிதில் கழன்று வரும்; வாயும் கிழியாது. தகுந்த வலிமையுள்ள நரம்பைப் பயன்படுத்தினால் மீனை அதிக நேரம் இழுத்துக் களைப்படையச் செய்ய வேண்டியதில்லை. மீனைத் தொடுமுன் கைகளை நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கை பட்டால் உடலின் மேலுள்ள வழவழப்புப் பூச்சு நீங்கி, நோய்க்கிருமிகள் நுழைய இடமாகும். மீனைக் கரையில் கிடத்தாமல் நீரிலேயே வைத்து முள்ளை எடுக்க வேண்டும். பின்னர் அதன் தலை நீரோட்டத்தை நோக்கியிருக்குமாறு மெல்லத் தாங்கிப் பிடித்து, அது தானாகவே வால் வீசிப் புறப்படும் வரை காத்திருக்க வேண்டும்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீனைக் கொல்வது 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்திலேயே தடை செய்யப்பட்டது. வனவிலங்குச் சரணாலயங்களுக்குள் தூண்டில் போடுவதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. கருநாடகத்தில் காவிரி வனவிலங்குச் சரணாலயத்தில் பல ஆண்டுகள் நடந்துவந்த தூண்டில் முகாம்கள் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுத்தப்பட்டன. எங்கே, எப்பருவத்தில், எம்மீனைப் பிடிக்கலாம் என்பதை அவ்வம்மாநில வனத்துறையிடமும் மீன்வளத்துறையிடமும் கேட்டறிந்த பின்னரே ஆற்றுக்குச் செல்ல வேண்டும். அணைகளுக்குக் கீழே நீர் திடீரென உயரக்கூடும். சில ஆறுகளில் முதலைகளும் உண்டு. ஆதலால் உள்ளூர் மக்களின் எச்சரிக்கையைப் புறக்கணிக்கலாகாது.

குறிப்பேடு கற்பித்த பாடம்

மேலே கூறிய காவிரி முகாம்களுள் ஒன்றில், பிடித்து விடப்பட்ட ஒவ்வொரு மீனின் வகையையும் எடையையும், தூண்டில் போட்ட நேரத்தையும் குறித்து வைக்கும் வழக்கம் இருந்தது. 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட இக்குறிப்புகளை ஆராய்ச்சியாளர்கள் பின்னர் ஆய்ந்து 2015ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் 6,000க்கும் மேற்பட்ட மஹசீர்களைப் பற்றிய விவரங்கள் இருந்தன.

மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அக்குறிப்புகள் நற்செய்தியாகவே தோன்றும். ஏனெனில் ஆண்டுகள் செல்லச் செல்ல, ஒரு மணி நேரத்தில் கிட்டிய மீன்களின் எண்ணிக்கை உயர்ந்தது. ஆனால் மீன்களின் சராசரி எடை குறைந்தது. வகைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. பெருகியது நீலத் துடுப்பு மஹசீர் என்னும் வேறொரு வகை. காவிரிக்கே உரிய கூனல் மஹசீரோ ஆண்டுதோறும் அருகி வந்தது.

நீலத் துடுப்பு மஹசீர் காவிரிக்கு எங்கிருந்து வந்தது? மஹாராஷ்டிர மாநிலத்தில் லோனாவ்லாவில் உள்ள பொரிப்பகம் ஒன்றில் 1970களிலிருந்து இவ்வகையின் குஞ்சுகள் பொரிக்கப்பட்டு, நாட்டின் பல நீர்நிலைகளில் விடப்பட்டன. அருகி வந்த மஹசீரைக் காப்பதே இதன் நோக்கம். காவிரியிலும் அவை விடப்பட்டன. மஹசீர் என்ற பொதுப்பெயர் ஒன்றே ஆயினும், ஓர் ஆற்றின் மஹசீர் வேறு, மற்றோர் ஆற்றின் மஹசீர் வேறு என்பது அக்காலத்தில் போதிய அளவு கருதப்படவில்லை. அணைகள், மணல் அள்ளுதல், வெடி வைத்துப் பிடித்தல் ஆகியவற்றால் ஏற்கெனவே நலிந்திருந்த கூனல் மஹசீருக்கு இப்புதிய போட்டியும் ஒரு கேடாயிற்று என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. உலகெங்கும் உள்ள தூண்டில்காரர்களால் நூறாண்டுக்கு மேலாகப் போற்றப்பட்ட இம்மீனுக்கு உரிய விஞ்ஞானப் பெயர் எது என்பது 2018ஆம் ஆண்டில்தான் உறுதி செய்யப்பட்டது. கேரளத்தில் தோன்றி அமராவதி வழியாகக் காவிரியைச் சேரும் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களைக் கொண்டு, சில ஆண்டுகளுக்கு முன்னரே தோர் ரெமாதேவி என்னும் இனம் விவரிக்கப்பட்டிருந்தது. காவிரியின் பெரிய கூனல் மஹசீரும் அதே இனமே என்பதை மரபணுச் சோதனையும் உடலமைப்பு ஒப்பீடும் காட்டின. அதே ஆண்டில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இம்மீனை அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. பெயர் தெரியாத மீனைக் காப்பதற்கு முயற்சி எடுப்பார் இலர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வீட்டுத் தொட்டியில் நடப்பது என்ன?

இனி வீட்டுத் தொட்டியைக் காண்போம். 60 சென்டிமீட்டர் நீளமும், 30 சென்டிமீட்டர் அகலமும், 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டி 54 லிட்டர் நீர் கொள்ளும். தொடக்க நிலையினருக்கு இதுவே பொருத்தமான அளவு. நீரின் எடை மட்டுமே 54 கிலோவாதலால் மேசை உறுதியாக இருத்தல் வேண்டும். நேரடி வெயில் படும் இடத்தில் வைத்தால் நீர் சூடேறிப் பாசியும் மிகும். கடைகளில் விற்கும் சிறு உருண்டைக் கண்ணாடிக் கிண்ணங்கள் மீன் வளர்க்க ஏற்றவையல்ல. நீரின் அளவு குறைவு. காற்றுப்படும் மேற்பரப்பும் குறைவு.

மீன் தன் செவுள்கள் வழியாக அம்மோனியாவை வெளிவிடுகிறது. மிஞ்சிய இரையும் கழிவும் அழுகுவதாலும் அம்மோனியா உண்டாகிறது. இது மீனுக்கு நஞ்சாகும். ஆற்றில் ஓடும் நீர் இதனை அடித்துச் சென்றுவிடும். தொட்டியில் அதற்கு வழியில்லை. ஆனால் தொட்டியின் அடியிலுள்ள கூழாங்கற்களிலும் வடிகட்டியிலும் குடியேறும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறு சில பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. நைட்ரேட்டின் கேடு மிகக் குறைவு. நீர்ச்செடிகள் அதனை உரமாக ஏற்கும். இப்பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். புதிய தொட்டியில் முதல் நாளிலேயே பல மீன்களை விடுவோர் ஒரு வாரத்துக்குள் அவற்றை இழப்பதற்குக் காரணம் இதுவே. இரண்டு மூன்று மீன்களோடு தொடங்கிப் படிப்படியாக எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

வாரம் ஒருமுறை நீரில் நான்கில் ஒரு பங்கை ரப்பர் குழாயால் அடியிலிருந்து உறிஞ்சி எடுத்து, புது நீர் சேர்ப்பது போதுமானது. தொட்டி முழுவதையும் காலி செய்து கழுவினால் நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் அழிந்துபோகும். குழாய் நீரில் குளோரின் கலந்திருக்கும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கும்; சில நகரங்களில் பயன்படும் குளோரமின் அவ்வாறு நீங்காது, அதற்குத் தனி மருந்து வேண்டும். இரண்டு மூன்று நிமிடங்களில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவே இரை இட வேண்டும். இரை குறைவால் மடியும் மீன்களைவிட மிகுதியால் மடிவனவே அதிகம்.

நீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். 20 பாகையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 பாகையில் ஏறத்தாழ ஏழரை மில்லிகிராமே கரையும். கோடைப் பகலில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடுவதற்கு இதுவே காரணம். தூண்டிலில் சிக்கிய மஹசீர் கோடையில் களைப்பு நீங்க அதிக நேரம் எடுத்துக்கொள்வதற்கும் இதுவே காரணம். தொட்டியில் கற்றது ஆற்றிலும் பயன்படுகிறது.

நம் நாட்டு மீன்களே போதும்

அலங்கார மீன் என்றவுடன் வெளிநாட்டு மீன்களையே பலர் நினைக்கின்றனர். உலகின் புகழ்பெற்ற தொட்டி மீன்கள் சில நம் நாட்டு ஓடைகளிலிருந்து சென்றவை என்பதைப் பலர் அறியார். உடலில் நீலக்கோடுகள் கொண்ட வரிமீன், அதாவது டேனியோ ரேரியோ, கங்கைச் சமவெளியின் வயல்களிலும் ஓடைகளிலும் வாழ்வது. பிரான்சிஸ் ஹாமில்டன் என்பவர் கங்கையாற்று மீன்களைப் பற்றி 1822ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை முதன்முதலாக விவரித்தார். பின்னர் இது தொட்டி மீனாக உலகெங்கும் பரவியது. அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இம்மீனைத் தம் ஆராய்ச்சிக்குத் தேர்ந்து, 1981ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். இன்று உலகின் பல ஆய்வுக்கூடங்களில் மனித நோய்களை ஆராய இம்மீன் பயன்படுகிறது. மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு இணையானவை இம்மீனிடத்தும் உள்ளன என்பது 2013ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

வரிமீனைப் பள்ளியிலும் எளிதில் வளர்க்கலாம். ஆறு மீன்களேனும் சேர்ந்திருந்தால்தான் அது அச்சமின்றி நீந்தும். பொழுது புலரும் வேளையில் முட்டையிடும். தன் முட்டைகளைத் தானே தின்றுவிடும். அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பி வைத்தால் முட்டைகள் இடுக்குகளில் விழுந்து தப்பும். முட்டையின் உறை கண்ணாடி போன்றது. சாதாரண உருப்பெருக்கியால் பார்த்தாலே ஓரிரு நாளில் கரு உருவாகி இதயம் துடிப்பதை மாணவர்கள் காணலாம். இரண்டு மூன்று நாட்களில் குஞ்சு வெளிப்படும்.

வடகிழக்கு இந்தியாவிலும் கங்கைச் சமவெளியிலும் வாழும் குறுங்கௌராமி மற்றொரு சிறந்த தொட்டி மீன். இது செவுள்களோடு தலையிலுள்ள தனி உறுப்பாலும் காற்றைச் சுவாசிக்க வல்லது. ஆண்மீன் நீர்மட்டத்தில் நுரைக்குமிழிகளால் கூடு கட்டி, அதில் முட்டைகளைக் காக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஆரஞ்சு நிறச் செல்லக்காசு மீனின் குஞ்சுகள், பெற்றோரின் உடல்மீதுள்ள வழவழப்பைக் கொத்தித் தின்று வளர்வதைத் தொட்டியில் நேரில் காணலாம்.

ஆனால் நம் நாட்டு மீன் என்பதாலேயே அதனை ஓடையிலிருந்து அள்ளி வரலாம் என்று கருதலாகாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கேரள, கருநாடக ஆறுகளில் வாழும் செங்கோட்டுக் கெண்டை இதற்கு எச்சரிக்கையாக உள்ளது. ‘மிஸ் கேரளா’ என்று வியாபாரிகள் அழைக்கும் இம்மீனை 1865ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டே விவரித்து, அப்போதைய சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரை அதற்கு இட்டார். 1990களிலிருந்து ஏற்றுமதிக்காக இது பெருமளவில் பிடிக்கப்பட்டு, பல இடங்களில் அருகிவிட்டது. 2008ஆம் ஆண்டில் கேரள அரசு இதனைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. இதனைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்யும் முறை இப்போது அறியப்பட்டுள்ளது. மீன் வாங்குவோர் அது ஆற்றில் பிடிக்கப்பட்டதா, பண்ணையில் பொரிக்கப்பட்டதா என்று கடைக்காரரைக் கேட்டு, பண்ணை மீனையே வாங்குவாராயின் ஆற்றின் சுமை குறையும்.

இரக்கத்தால் விளையும் கேடு

தொட்டி மீன் மிகப் பெரிதாகிவிட்டாலோ, ஊர் மாற நேர்ந்தாலோ, அதனைக் கொல்ல மனமின்றி அருகிலுள்ள குளத்தில் விடுவது பலர் செய்யும் காரியம். இதன் விளைவு கொடியது. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று வாங்கப்படும் தென்னமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளிறு, சிறிதாக இருக்கையில் சாதுவாகத் தோன்றும். குளத்தில் விடப்பட்டால் அது பெருத்துப் பெருகி, கரைகளைக் குடைந்து வளை தோண்டும். எலும்புத் தகடு போர்த்த அதன் உடல் மீனவரின் வலையைக் கிழிக்கும். சந்தையில் அதற்கு விலையும் இல்லை. கல்கத்தாவின் கிழக்கேயுள்ள சதுப்பு நிலங்களிலும் தென்மாநில நீர்நிலைகள் பலவற்றிலும் இது பரவிவிட்டது.

2018ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பின்னர் கேரளத்தின் சாலக்குடி ஆற்றில், வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அரபைமா என்னும் அமேசான் மீன் பிடிபட்டது. 2023ஆம் ஆண்டில் காசுமீரத்தின் தால் ஏரியில், முதலை போன்ற வாயுடைய வட அமெரிக்க மீன் ஒன்று அகப்பட்டது. நல்லெண்ணத்தோடு விடப்பட்ட மீன்களும் இதற்கு விலக்கல்ல. கொசுப்புழுக்களை ஒழிப்பதற்காக 1928ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீன், புழுக்களோடு நம் சிறு மீன்களின் குஞ்சுகளையும் தவளையின் தலைப்பிரட்டைகளையும் தின்பது பின்னரே உணரப்பட்டது.

வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ, மீன் வளர்க்கும் நண்பரிடமோ, பள்ளித் தொட்டிக்கோ கொடுத்துவிடலாம். தொட்டி நீரையும் செடிகளையும்கூட வாய்க்காலில் கொட்டலாகாது. நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சி, செடிகளை உலர்த்தி எருவாக்கலாம்.

பள்ளியிலும் களத்திலும் செய்யத்தக்கவை

ஆசிரியர்கள் பள்ளியில் ஒரு தொட்டியை அமைத்து, நாள்தோறும் நீரின் வெப்பநிலை, இட்ட இரை, மீன்களின் நடத்தை ஆகியவற்றை மாணவர் முறைவைத்து ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்யலாம். களப் பணியாளர்கள் தம் பகுதியின் ஆறு, ஏரி, வாய்க்கால்களில் கிடைக்கும் மீன்களின் உள்ளூர்ப் பெயர்களை மீனவரிடம் கேட்டு, காணும் மாதம், இடம், ஏறத்தாழ அளவு ஆகியவற்றோடு பதியலாம். குறிப்பாக, முன்பு இல்லாத மீன் எது, எந்த ஆண்டு முதல் வருகிறது என்று முதியோரிடம் கேட்டல் வேண்டும். புகைப்படமும் சேர்த்து மீன்வளத்துறைக்கு அனுப்பினால் ஆராய்ச்சியாளருக்கு அது பெரிதும் உதவும்.

ஊர்க் குளத்தில் மீன்குஞ்சு விடும் திட்டம் வரும்போது, ‘இது எந்த ஆற்றின் மீன்? இங்கு ஏற்கெனவே உள்ளவை எவை?’ என்னும் இரண்டு கேள்விகளை எழுப்புவது களப் பணியாளரின் பொறுப்பாகும். காவிரியில் இக்கேள்விகள் உரிய காலத்தில் எழுந்திருந்தால் கூனல் மஹசீரின் நிலை இன்று வேறாக இருந்திருக்கக்கூடும். அம்மீன் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. நீலகிரியின் அடிவாரத்தில் ஓடும் மாயாற்றில் எஞ்சியவை வாழ்கின்றன. அவற்றைக் காப்பதற்கு வேண்டிய அறிவு இப்போது கிடைத்துள்ளது. அந்த அறிவின் ஒரு பகுதி, மகிழ்ச்சிக்காகத் தூண்டில் போட்டவர்கள் பிடித்த மீனை எடைபோட்டு, எழுதி வைத்து, ஆற்றில் திருப்பி விட்டதனால் கிடைத்ததாகும்.